கயிறண்ணன் செய்த வளையம்

“பாத்துட்டு வைங்கன்னு சொன்னா, எடுத்துட்டே போயிடுறாங்க.”

கயிறண்ணன் இதைக் காலையில் பல் துலக்கும்போதே ஆரம்பித்துவிடுவார், பற்பசையின் மூடியைக் காணவில்லை என்பதற்காக. செய்தித்தாளின் நடுப்பக்கம் இல்லையென்றால் இன்னொரு முறை. அலுவலகத்தில் அவருடைய நாற்காலியை யாராவது கூட்ட அறைக்குத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் நின்றபடியே ஒரு முறை. ஒருநாள் அடுத்த தெருவில் இருக்கும் மச்சினன் துளை போடும் மெஷினைத் திருப்பிக் கொண்டுவந்து கையில் கொடுத்தபோதும், பழக்கதோஷத்தில் இதையே சொல்லிவிட்டார். மச்சினன் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதற்கு ஒரு ராகம் உண்டு. ‘சொன்னா’வில் ஓர் இழுப்பு. ‘எடுத்துட்டே’வில் மேசையைத் தட்டுகிற மாதிரி ஓர் அழுத்தம். ‘போயிடுறாங்க’ வரும்போது சைக்கிள் டயரில் காற்று இறங்குவது போல ஓர் இறக்கம். அலுவலகத்தில் எல்லோருக்கும் இது மனப்பாடம். வீட்டில் மகள் இன்னும் ஒருபடி மேலே போய், கடைசியில் அவர் மூக்கை உறிஞ்சுவதையும் சேர்த்துச் செய்வாள்.

பெயருக்குக் காரணம் அவருடைய மேசை. வங்கியில் பேனாவைக் கட்டி வைத்திருப்பார்களே, அப்படி அவர் பேனா, கத்தரிக்கோல், ஸ்டேப்ளர் எல்லாமே மெல்லிய நைலான் கயிற்றில் மேசைக்காலோடு கட்டப்பட்டிருக்கும். இரண்டு தாளைச் சேர்த்துக் குத்த வேண்டுமென்றால் அவர் பக்கத்தில் குனிந்து நின்றுதான் குத்த வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு குனிவார்கள்.

கடையிலும் மருத்துவமனையிலும் ஆள் கிட்டே வந்ததும் தானாக விலகும் கண்ணாடிக் கதவு இருக்கிறதே, அதற்கு மூளை செய்கிற சின்ன நிறுவனம் அது. கீழே பெயிண்ட் கடை, மேலே இவர்கள். மாடிப்படி ஏறியதும் இவர்களுடைய கதவே ஒன்று நிற்கும். எந்தப் புரோகிராம் எழுதினாலும் முதலில் அந்த வாசலில்தான் ஏற்றிப் பார்ப்பார்கள். தாங்கள் சமைத்ததைத் தாங்களே முதலில் சாப்பிட்டுப் பார்க்கிற ஒழுக்கம் என்று குழுத்தலைவி சொல்வாள். வேறு யாரும் அதைச் சாப்பிட வரமாட்டார்கள் என்பார் கதவுகளைப் பொருத்துகிற கதவுக்காரர்.

கயிறண்ணனின் வேலை, வருஷக்கணக்காக, அடுத்தவர் எழுதியதைப் பழுது பார்ப்பது. எவனோ எழுதிவிட்டு வேலையை விட்டுப் போயிருப்பான், இவர் உட்கார்ந்து அவன் என்ன நினைத்திருப்பான் என்று யோசிப்பார். அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, மகள் நன்றாகப் படித்தாள், மனைவிக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நல்ல வேலை. ஆனால் தொடக்கத்திலிருந்து முடிவுவரை இது நான் செய்தது என்று காட்ட ஒன்றுகூட இல்லை.

அப்போதுதான் நிறுவனம் ரஸ்ட் என்ற மொழிக்கு மாறியது. இயந்திரத்தின் அடிமட்டத்தில் வேலை செய்கிற புரோகிராம்களுக்கான மொழி. மற்றவர்கள் அதைத் திட்டிக்கொண்டே படித்தார்கள். கயிறண்ணன் மயங்கிப் போனார். ஏனென்றால் அந்த மொழியில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு சொந்தக்காரர்தான். இன்னொருவர் அதைப் பார்க்கலாம், ஆனால் பார்த்துவிட்டு வைத்துவிட வேண்டும். எடுத்துக்கொண்டு போனால், போனது போனதுதான், பழைய கையில் அது இருப்பதாக யாரும் பாவனை செய்ய முடியாது. செய்தால், எழுதியதைச் சரிபார்க்கிற கம்பைலர் அந்த இடத்திலேயே காதைப் பிடித்துத் திருகும்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் மனைவியிடம் சொன்னார். “என்னை மாதிரியே ஒருத்தன் உக்காந்து ஒரு மொழி பண்ணியிருக்காம்மா.”

கண்ணாடித் துணியை மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவே இல்லை. “பாவம் அவன் பொண்டாட்டி” என்றார்.

அந்த மொழியில்தான் அவர் வளையத்தைச் செய்தார். கதவுக்கு ஞாபகம் வேண்டும். சற்றுமுன் யார் வந்தார், எவ்வளவு வேகமாக வந்தார், கூட்டமா தனி ஆளா, நடுவில் யாராவது நின்றுகொண்டு போன் பேசினார்களா என்றெல்லாம் ஒவ்வொரு வரவையும் அது குறித்து வைக்கும். ஆனால் கதவின் மூளை சின்னது, இடம் கொஞ்சம்தான். ஆகவே அறைகளை வட்டமாக அடுக்கினார். எல்லா அறையும் நிறைந்துவிட்டால், புதிதாக வருவது மிகப் பழையதன் தலையில் உட்கார்ந்துகொள்ளும். வட்டத்தில் எது முதல் என்றால், எது பழையதோ அது. அந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கும். இதைக் கணக்குப் பார்த்துச் செய்வது கொஞ்சம் நுணுக்கமான வேலை. அவர் ரசித்துச் செய்தார்.

அதோடு நிற்கவில்லை. அந்த மொழியில் கூடவே வருகிற வரிசைகளை, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்கிற லூப்பில் விட்டால் உள்ளே இருப்பதை ஒவ்வொன்றாக நீட்டும். நாமே செய்த பெட்டிக்கு அது தெரியாது. ‘அடுத்தது கொடு’ என்றால் எதைக் கொடுப்பது, தீர்ந்துபோனால் ‘இல்லை’ என்று எப்போது சொல்வது என்று நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். அவர் சொல்லிக்கொடுத்தார். வளையத்தை நிரப்பி, லூப்பில் விட்டு, பழையதிலிருந்து புதியதுவரை வரிசை தப்பாமல் அது நீட்டுவதைப் பார்த்து, கையைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அந்த வாரம் முழுவதும் பற்பசை மூடி எங்கே இருந்தாலும் அவர் கவலைப்படவில்லை.

பிறகு கதவு யோசிக்க ஆரம்பித்தது.

முதலில் யாருக்கும் தெரியவில்லை. மெல்ல மெல்லத்தான். தெருவில் எதிரே வந்தவரின் பேர் மறந்துபோனால் ஒரு கணம் தயங்கிவிட்டு, பிறகு சிரித்துக்கொண்டே கை நீட்டுவோமே, அப்படி விலகியது கதவு. சில வாரங்களில் அந்தத் தயக்கம் நீண்டுவிட்டது. கூரியர்காரர் மூக்கில் இடித்துக்கொண்டார். குழுத்தலைவி இரண்டு கையிலும் காப்பிக் கோப்பையோடு கண்ணாடிக்கு முன்னால் நின்று, உள்ளே இருப்பவர்களைப் பார்த்து அசட்டுத்தனமாகச் சிரித்தாள். உள்ளே இருந்தவர்களும் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து சிரித்தார்கள்.

கயிறண்ணன் சென்ஸரைத் துடைத்துப் பார்த்தார். மோட்டாரைச் சந்தேகப்பட்டார். கடைசியில் கதவுக்காரரிடம் வந்து, தண்டவாளத்தில் கிரீஸ் போதவில்லை என்றார்.

“அண்ணே, இதுக்கு மேல கிரீஸ் போட்டா கதவு வழுக்கிக்கிட்டுக் கீழ பெயிண்ட் கடைக்கே போயிடும்” என்றார் கதவுக்காரர். கையைத் துடைத்துக்கொண்டே, கோளாறு காலில் இல்லை, தலையில் இருக்கிறது, போய்த் தலையைப் பாருங்கள் என்றும் சொன்னார். அவர் சொன்னது கதவின் தலையைத்தானா என்று கயிறண்ணனுக்குச் சந்தேகம் இருந்தது.

இந்த நேரம் பார்த்து ஒரு பெரிய மருத்துவமனை தன் எல்லா வாசலுக்கும் கதவு கேட்டது. அவர்களுடைய ஆட்கள் அடுத்த வாரம் நேரில் வந்து பார்க்கப் போகிறார்கள். குழுத்தலைவி கயிறண்ணனின் மேசைக்கு வந்து, ஸ்டேப்ளரின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டே, நல்ல மாதிரிதான் சொன்னாள். வளையம் வந்த பிறகுதான் இந்தத் தயக்கம் ஆரம்பித்தது. அதற்குள் சரியாகவில்லை என்றால் வளையத்தைக் கழற்றிவிட்டு, மொழியோடு வருகிற ரெடிமேட் வரிசையைப் போட்டுவிடலாம். அண்ணன் கோவித்துக்கொள்ளக் கூடாது.

அண்ணன் கோவித்துக்கொள்ளவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. சரிம்மா என்றார், திரும்பி உட்கார்ந்தார், பேனாவின் கயிற்றை முடிச்சு அவிழ்த்து மறுபடி அதே முடிச்சைப் போட்டார். வாழ்க்கையில் முதல்முதலாக அவருடையது என்று ஒன்று இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அதற்கு மட்டும் அந்த ராகம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஒட்டும் டேப் தேவைப்பட்டது. வீட்டில் அவர் கட்டி வைத்திருந்த சுருள் தீர்ந்துபோயிருந்தது. ஹாலில் இருந்த இழுப்பறையை இழுத்தார். பாதி வந்து சிக்கிக்கொண்டது. காலை முட்டுக்கொடுத்து இழுத்தார், முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே இரண்டு கத்தரிக்கோல், ஸ்க்ரூடிரைவர் இரண்டு, டார்ச் மூன்று, சார்ஜர் எத்தனை என்று தெரியாத அளவுக்குச் சிக்கலாக, அளக்கும் டேப், ஒட்டும் டேப், நகவெட்டி. இவை எல்லாவற்றிலும் வீட்டில் ஒன்று ஏற்கெனவே உண்டு. அவர் கையால் கட்டிப்போட்டது.

மனைவியைக் கூப்பிட்டு, இதெல்லாம் யாருடையது என்று கேட்டார்.

“ஒரு செட்டு என்னுது. ஒரு செட்டு உங்க பொண்ணுது.”

“அதான் வீட்டுல ஒண்ணு இருக்கே?”

“இருக்கு. கட்டிப்போட்டுல்ல இருக்கு. அவுத்து எடுத்தா ஒரு வாரத்துக்குப் பாட்டுக் கேக்கணும். அதான் ஆளுக்கு ஒண்ணு வாங்கி வச்சுக்கிட்டோம். உங்க சாமானும் பத்திரம், எங்க காதும் பத்திரம்.”

உள் அறையிலிருந்து மகள் இழுப்பு, அழுத்தம், இறக்கம், மூக்கு உறிஞ்சல் எல்லாம் சேர்த்து ஒரு முறை பாடிக் காட்டினாள். கயிறண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இழுப்பறையை மூட முயன்றார், மூடவில்லை. இவ்வளவு இருந்தால் எப்படி மூடும் என்று முணுமுணுத்துக்கொண்டு அப்படியே விட்டுவிட்டார்.

திங்கட்கிழமை காலை, கையில் சாப்பாட்டுப் பையோடு அலுவலகக் கதவுக்கு முன்னால் நின்றார். கதவு யோசித்தது. அவரும் நின்றார். கதவு முனகிக்கொண்டு நகர ஆரம்பித்தது. பாதியில் சிக்கி முனகிய இழுப்பறை அவர் கண் முன்னால் வந்தது. கதவு முழுவதும் திறக்கும்வரை அவரால் பொறுக்க முடியவில்லை, பக்கவாட்டில் நுழைந்து நேராகத் தன் கம்ப்யூட்டருக்குப் போனார்.

பையைத் தோளில் மாட்டியபடியே, வளையத்தை யார் யார் எங்கெங்கே பயன்படுத்துகிறார்கள் என்று தேடினார். கூட்டம் வருகிறதா என்று பார்க்கிற இடம். சக்கர நாற்காலி வருகிறதா என்று பார்க்கிற இடம். காற்றில் ஆடும் பிளாஸ்டிக் பையை ஆள் என்று நினைத்துத் திறந்துவிடாமல் இருக்கப் பார்க்கிற இடம். எல்லா இடத்திலும் வளையம் லூப்பில் போயிற்று. எல்லா இடத்திலும், அதற்கு முன்னால், ஒரே ஒரு சொல் கூடுதலாக இருந்தது. நகல் எடு. கதவை நோக்கி ஓர் ஆள் ஓர் அடி வைத்தால் போதும், முழு வளையத்தையும் அச்சு அசலாக நகலெடுத்து, அந்த நகலைச் சுற்றிப் பார்த்து, தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த சோதனைக்கு மறுபடி ஒரு முழு நகல். புதிதாக ஒரு சோதனை சேரச் சேர ஒரு நகலும் சேர்ந்திருக்கிறது. பாவம் கதவு, அது எப்போது திறக்கும்?

யார் என் வளையத்தை நகலெடுத்தது என்று கேட்டுக்கொண்டு அறையின் நடுவில் வந்து நின்றார். எல்லோரும் கையைத் தூக்கினார்கள்.

“எடுக்காம என்ன அண்ணா பண்றது?” என்றாள் குழுத்தலைவி. “லூப்புல விட்டா வளையம் மொத்தமா போயிடுது. திரும்ப வரலை. கம்பைலர் கத்துது. அதான் ஒரு நகலை எடுத்து, அதைப் போகட்டும்னு விட்டோம்.”

“ஏன் போகணும்? பாத்துட்டு வச்சிட வேண்டியதுதானே?”

“பாத்துட்டு வைக்கிறதுக்கு நீங்க வழியே வைக்கலையே அண்ணா.”

கயிறண்ணன் திரும்பித் தன் மேசைக்குப் போய் வளையத்தின் புரோகிராமைத் திறந்தார். அவர் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே ஒரு வழி. வளையத்தை மொத்தமாக வாங்கிக்கொண்டு, உள்ளிருப்பதை ஒவ்வொன்றாகக் கொடுத்துத் தீர்த்து, தானும் தீர்ந்துபோகிற வழி. சோதித்த அன்று ஒரே ஒரு முறைதான் லூப்பில் விட்டார். இரண்டாம் முறை விட்டிருந்தால் அன்றைக்கே கம்பைலர் அவர் காதைத் திருகியிருக்கும். பாத்துட்டு வைங்க, பாத்துட்டு வைங்க என்று ஊரெல்லாம் பாடியவர், பார்த்துவிட்டு வைக்கவே முடியாத ஒரு பொருளைத் தன் கையால் செய்து வைத்திருந்தார்.

முதல் வாரமே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஈனஸ்வரத்தில் கேட்டார். வந்தேன் என்றாள் அவள். லூப் முடிந்ததும் வளையத்தைக் காணோம் அண்ணா என்று ஆரம்பித்தாளாம். அதற்கு அண்ணன் என்ன சொன்னார் என்று ஞாபகம் இருக்கிறதா?

அவர் வாயைத் திறப்பதற்குள் அறை முழுவதும் ஒரே குரலில், இழுப்போடும் இறக்கத்தோடும், அவர் சொன்னதைச் சொல்லிக்காட்டியது. கதவுக்காரர்தான் கட்டைக்குரலில் கடைசிவரை இழுத்தார்.

பிறகு அவர் உட்கார்ந்துவிட்டார். மருத்துவமனை ஆட்கள் வருவதற்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் ரெடிமேட் வரிசை. முதலில், பார்க்கிறவர்களுக்கு ஒரு வழி. வளையம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரு சின்ன ஆள் உள்ளே போய், தான் எந்த அறையில் நிற்கிறேன் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டு, பழையதிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றையும் காட்டிக்கொண்டே வருவான், வட்டம் முடிந்ததும் ‘இல்லை’ என்பான். அந்தச் சின்ன ஆள் வளையத்தைவிட அதிக நாள் உயிரோடு இருக்கக் கூடாது என்று கம்பைலர் அடம்பிடித்தது. நியாயம்தானே என்று கயிறண்ணன் அதற்குத் தலையாட்டினார். வேறு யாராவது இப்படி அடம்பிடித்திருந்தால் ரெண்டு வார்த்தை கேட்டிருப்பார்.

அடுத்து, பார்த்து அங்கேயே திருத்துகிறவர்களுக்கு ஒரு வழி. இதுதான் பாடாய்ப் படுத்தியது. கையில் பேனாவோடு ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே வரலாம் என்பது அந்த மொழியின் சட்டம். அவர் எழுதினார், கம்பைலர் சிவப்பில் திட்டியது. மாற்றி எழுதினார், வேறு மாதிரித் திட்டியது. சாப்பாட்டுப் பையைப் பிரித்து ஒரு வாய் வைத்துவிட்டு யோசித்தவருக்கு, வட்டத்தை ஏன் வட்டமாகவே பார்க்க வேண்டும் என்று தோன்றியது. இயந்திரத்துக்குள் அது நேர் வரிசைதான், பழையது இருக்கும் இடத்தில் வெட்டினால் இரண்டு துண்டு. பழையதில் தொடங்குகிற துண்டை முதலில் கொடுத்து முடித்து, அதன் வாலில் மற்றதைக் கோத்துவிட்டால் ஆயிற்று. கம்பைலர் ஒன்றும் சொல்லவில்லை. அது ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அதனிடம் வாங்கக்கூடிய பெரிய பாராட்டு. மொத்தமாக எடுத்துக்கொண்டு போகிற பழைய வழியை மூன்றாவதாக அப்படியே விட்டுவைத்தார். இந்த முறை மூன்றையும் திரும்பத் திரும்ப லூப்பில் விட்டுப் பார்த்தார்.

அந்த நாட்களில் ஒரு சாயங்காலம், வீட்டுச் சமையலறையில் கத்தரிக்கோலின் கயிற்றை அவிழ்த்து, சும்மா ஆணியில் மாட்டிவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. மனைவியும் மகளும் பார்த்தார்கள். அவர் தினமும் போய்ப் பார்த்தார். கத்தரிக்கோல் தினமும் ஆணியிலேயே தொங்கியது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.

மருத்துவமனை ஆட்கள் வருகிற நாள் காலையில், நகலெடுக்கிற சொல்லை எல்லா இடத்திலிருந்தும் அழித்து, புதியதைக் கதவில் ஏற்றினார்கள். கூரியர்காரர்தான் முதலில் வந்தார். பழைய அனுபவத்தில் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தவர், கதவு சட்டென்று விலகியதில் பிடி கிடைக்காமல் இரண்டடி உள்ளே ஓடிவந்து நின்றார்.

மருத்துவமனையிலிருந்து ஓர் அம்மாளும் இரண்டு பொறியாளர்களும் வந்தார்கள். ஏதோ பேசிக்கொண்டே படியேறி, பேச்சு அறுபடாமலே உள்ளே வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தார்கள். சரி, அந்தக் கதவைக் காட்டுங்கள் என்றார் அம்மாள்.

“நீங்க உள்ள வந்துட்டீங்க மேடம்” என்றார் கதவுக்காரர்.

அம்மாள் திரும்பிப் பார்த்தார். எழுந்து வெளியே போனார், உள்ளே வந்தார், மறுபடி போனார். மூன்றாம் முறை வந்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். அதற்கு மேல் யாரும் விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை. சுவரோரம் நின்றிருந்த கயிறண்ணன், ஒவ்வொரு முறை கதவு விலகும்போதும் தானே விலகி வழிவிடுவது போல அரை அடி நகர்ந்துகொண்டிருந்தார்.

அவர்கள் போன பிறகு குழுத்தலைவி அவர் மேசையோரம் வந்து சாய்ந்தாள். வளையம் இங்கேதான் இருக்கும், ரெடிமேட் பேச்சு இனி இல்லை என்றாள். இன்னொன்றும் சொன்னாள். லிஃப்டுக்கு மூளை செய்கிற பக்கத்துக் கட்டிடத்துக்காரர்கள் வளையத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கேட்டிருக்கிறார்கள், அண்ணனுக்குச் சம்மதமென்றால் அவர்களும் கொண்டுபோகலாமா? கேட்டுக்கொண்டே, அவர்களுடைய போன் நம்பரைக் குறிக்க அவர் பேனாவை எடுத்து, கயிறு எட்டுகிற தூரம்வரை இழுத்தாள்.

கயிறண்ணன் பேனாவை மெல்ல அவள் விரலிலிருந்து வாங்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டுச் சொன்னார்:

“தாராளமா கொண்டுபோகட்டும்மா, அதுக்குத்தானே மூணாவது வழி வச்சிருக்கேன். பாக்கணும்னா பாத்துட்டு வைங்க, திருத்தணும்னா ஒருத்தர் ஒருத்தரா வந்து திருத்துங்க, வேணும்னா மொத்தமாவே தூக்கிட்டுப் போங்க, நான் ஒரு வார்த்தை கேக்கமாட்டேன். ஆனா இந்தப் பேனாவை விட்டுடு. இதுக்கு நான் இன்னும் ஒரு வழியும் எழுதலை.”